தனியார், அனைத்துலகப் பள்ளி நுழைவுத் தேர்வுகள்: தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில், பட்டர்வொர்த்தில் என் வீட்டு முன்கூடத்தில், ஆறாம் ஆண்டை முடித்துவிட்டுத் தனியார் பள்ளிக்கோ அனைத்துலகப் பள்ளிக்கோ போகவிருக்கும் சில பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுக்கான பாடம் சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, “டீச்சர், ஒரு சந்தேகம்” என்று வாசலில் நின்று பெற்றோர் கேட்டவையும், கோலாலம்பூரில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்டவையும் இங்கே உள்ளன.

தனியார் பள்ளியும் அனைத்துலகப் பள்ளியும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. தனியார் பள்ளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் தேசியப் பாடத்திட்டத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பள்ளியையே; அங்கே பிள்ளை கடைசியில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும். அனைத்துலகப் பள்ளி பிரிட்டிஷ், அமெரிக்க அல்லது வேறொரு வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும். பிரிட்டிஷ் பள்ளியானால் பதினாறு வயதையொட்டி ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு வரும். மூன்றாவதாகச் சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. சீனத் தொடக்கப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் சிலர் அங்கே போகிறார்கள். அவற்றின் நுழைவுத் தேர்வில் பொதுவாகச் சீனமொழியும் ஒரு தாளாக வரும் என்பதால், தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராக அங்கே போவது மிகக் கடினமான காரியம்.

அனைத்துலகப் பள்ளிகள் தொடக்கத்தில் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுந்தவை அல்ல. கோலாலம்பூரின் அலிஸ் ஸ்மித் பள்ளி 1946-இல் தொடங்கியது. பினாங்கின் அப்லண்ட்ஸ் பள்ளி 1955-இல் பினாங்குக் கொடிமலையில், தோட்டத் துரைமார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் அந்தத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அத்தகைய பள்ளிகளின் விண்ணப்பப் பாரங்களை நிரப்புகிறார்கள். அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றிருந்த வரம்பை அரசாங்கம் 2012-இல் நீக்கியது. அதன்பிறகே உள்ளூர்க் குடும்பங்களுக்கு வாசல் அகலத் திறந்தது.

ஆறு ஆண்டுகள் படித்து வந்த பிள்ளைக்கு மறுபடியும் எதற்குத் தேர்வு? ரிப்போர்ட் கார்டு போதாதா?

ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு இருந்த காலத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு முடிவுத்தாள் பிள்ளையின் கையில் இருந்தது. அத்தேர்வு கடைசியாக எழுதப்பட்டது 2019-இல். 2020-இல் பெருந்தொற்றினால் நடக்கவில்லை, 2021-இல் அகற்றப்பட்டது. இப்போது பள்ளி தருவது பெரும்பாலும் வகுப்புசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகள். அவற்றை அந்தந்த வகுப்பாசிரியர் தம் கணிப்பின்படி இடுகிறார். ஓர் ஆசிரியர் தாராளமாக 6 கொடுப்பார். இன்னொருவர் 5 கொடுப்பதற்கே பலமுறை யோசிப்பார். இந்த எண்களை வைத்து இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிட முடியாது என்பதால்தான் சேர்க்கும் பள்ளி தானே ஒரு தேர்வு வைக்கிறது. தமிழ்ப்பள்ளியின் மீது நம்பிக்கை இல்லாததால் வைக்கிறார்கள் என்று நினைத்து மனம் வருந்த வேண்டாம். தேசியப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையும் அதே தாளைத்தான் எழுதுகிறது.

தேர்வில் என்னென்ன இருக்கும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். பெரும்பாலான இடங்களில் ஆங்கில வாசிப்பும் எழுத்தும், கணிதம், ஒரு சிறிய நேர்காணல் ஆகியவை இருக்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பலவற்றில் இவற்றோடு ‘கேட் 4’ என்ற சிந்தனைத்திறன் தேர்வும் உண்டு. அமெரிக்க முறைப் பள்ளிகளில் ‘மேப்’ என்ற கணினித் தேர்வு இருக்கலாம்.

கேட் 4 பற்றித்தான் அதிகக் குழப்பம் நிலவுகிறது. அது பாடத்தைச் சோதிப்பதில்லை. சொற்களைக் கொண்டு சிந்தித்தல், எண்களைக் கொண்டு சிந்தித்தல், வடிவங்களுக்கிடையே உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்தல், ஒரு வடிவத்தை மனத்துக்குள் மடித்தும் திருப்பியும் பார்த்தல் என்ற நான்கு திறன்களை அளக்கிறது. மூன்று பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடக்கும். மதிப்பெண்ணின் சராசரி 100. அதே வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 100 என்பதை நூற்றுக்கு நூறு என்று எண்ணி இனிப்பு வழங்கிய ஒரு தந்தையும், 97 வாங்கிய மகள் ‘ஃபெயில்’ என்று கலங்கிய ஒரு தாயும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் தேர்ச்சி, தோல்வி என்ற கோடே கிடையாது. பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் பார்த்தே அது கணக்கிடப்படுவதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை ஜனவரியில் பிறந்த பிள்ளைக்குப் பின்தங்கிவிடுமோ என்ற கவலையும் வேண்டியதில்லை.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான்கு திறன்களில் சொற்சிந்தனை ஒன்றே ஆங்கிலச் சொல்வளத்தைக் கேட்கிறது. மற்ற மூன்றும் எண்களும் படங்களுமே. ஆகவே நம் பிள்ளைகளின் முடிவில் சொற்பகுதி 88 என்றும் வடிவப்பகுதி 115 என்றும் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் படிக்கத் தெரிந்த பள்ளி, இந்தப் பிள்ளையின் சிந்தனையில் குறையில்லை, ஆங்கிலம் மட்டும் இன்னும் வரவேண்டும் என்று புரிந்துகொள்ளும். நான்கையும் கூட்டிச் சராசரியை மட்டும் உங்களிடம் சொன்னால், நான்கு மதிப்பெண்களையும் தனித்தனியே காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

கேட் 4-க்குப் பயிற்சி நூல் வாங்கலாமா?

கேள்வியின் தோற்றம் பிள்ளைக்கு அந்நியமாக இல்லாதிருக்க, இரண்டு மூன்று மாதிரிகளைப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல் நூறு பக்கங்களைச் செய்ய வைப்பதால் பிள்ளை களைத்துப்போவதுதான் மிச்சம்.

அந்தத் தேர்வில் ஒரு காகிதம் மடிக்கப்படுவதும் அதில் துளையிடப்படுவதும் படமாக இருக்கும். விரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்று பிள்ளை சொல்ல வேண்டும். புத்தகத்துப் படத்தை உற்றுப் பார்த்து விழித்த பையன் ஒருவனிடம், பழைய நாளிதழின் ஒரு தாளை நான்காக மடித்து, கோப்புகளுக்குத் துளைபோடும் கருவியால் மூலையில் ஒரு துளையிட்டு, “விரிக்காமல் சொல்” என்றேன். ஒன்று என்றான். விரித்துப் பார்த்தான், நான்கு இருந்தன. அடுத்த தாளை நான் கேட்காமலேயே குறுக்குவாட்டில் மடித்தான். அரை மணி நேரத்தில் என் வரவேற்பறையில் துளையிட்ட தாள்கள் பதினைந்து கிடந்தன. புத்தகத்தைத் திறந்தபோது அவனுக்குப் படம் புரிந்தது. தீபாவளிக்குக் காகிதத் தோரணம் வெட்டிய கையும், பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிக்கோலத்தின் மறுபாதியைப் போட்ட கையும் இந்த வேலையை ஏற்கெனவே அறிந்தவை.

தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் அடைவுநிலை 6. ஆங்கிலத்தில் கணிதத் தாள் வந்தால் செய்வானா?

செய்வான், இரண்டு இடைவெளிகளை நிரப்பினால்.

முதல் இடைவெளி சொல். மாதிரித் தாளொன்றில் 45-க்கும் 18-க்கும் ‘டிஃபரன்ஸ்’ என்ன என்று கேட்கப்பட்டிருந்தது. கணிதத்தில் மிகக் கெட்டிக்காரியான ஒரு சிறுமி, 45 ஒற்றைப்படை எண், 18 இரட்டைப்படை எண் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்தச் சொல்லுக்கு வேறுபாடு என்ற அன்றாடப் பொருள் அவளுக்குத் தெரிந்திருந்தது. கழித்துச் சொல் என்ற கணிதப் பொருள் தெரியவில்லை. ‘வால்யூம்’ என்றால் தொலைக்காட்சிச் சத்தம், ‘டேபிள்’ என்றால் மேசை, ‘ப்ராடக்ட்’ என்றால் கடையில் விற்கும் பொருள் என்று புரிந்துகொள்ளும் பிள்ளைக்குக் கன அளவும் அட்டவணையும் பெருக்குத்தொகையும் நன்றாகத் தெரிந்திருந்தும் மதிப்பெண் போய்விடும். பெற்றோருக்கோ பிள்ளை கணக்கில் தவறிவிட்டதாகவே தோன்றும்.

இதற்கு நான் செய்வது எளிமையான வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பின்னம், தசமம், விழுக்காடு, சுற்றளவு, பரப்பளவு, தொகுதி, பகுதி என்று தமிழ்ச் சொல்லையும், வலப்பக்கம் அதன் ஆங்கிலச் சொல்லையும் பிள்ளையே எழுதுகிறது. என் கணக்கில் ஏறத்தாழ எண்பது சொற்கள் வருகின்றன. அதன்பின் ஏற்கெனவே செய்து முடித்த தமிழ்ப் பாடநூல் கணக்குகளையே எடுத்து, வழிமுறையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்கிறேன். கணக்கு பழையதாக இருப்பதால் பிள்ளையின் கவனம் முழுவதும் சொல்லின் மீது இருக்கும். உங்கள் பள்ளி இருமொழித் திட்டத்தில் கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தியிருந்தால் இந்தப் பகுதியைக் கடந்துவிடலாம்.

இரண்டாவது இடைவெளி பாடத்திட்டம். பிரிட்டிஷ் முறையில் எதிர்மறை எண்களும் எளிய இயற்கணிதமும் தொடக்கப்பள்ளியிலேயே வந்துவிடும். நம் பாடத்திட்டத்தில் அவை இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-இல்தான் தொடங்குகின்றன. அச்சுத்தூரப் புள்ளிகளை நாம் ஒரு காற்பகுதியில் மட்டுமே காட்டுகிறோம். அங்கே நான்கிலும் காட்டுகிறார்கள். இந்த மூன்று தலைப்புகளையும் பள்ளி விடுமுறையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்கப்படாத பாடத்தைத் தாளில் பார்த்ததும், தனக்கு அறிவு போதவில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடக்கூடாது.

ஆங்கிலக் கட்டுரைக்கு எப்படித் தயார் செய்வது?

இதில் நானே தவறு செய்திருக்கிறேன். என் மகன் பல ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு பள்ளிக்குத் தேர்வு எழுதினான். ‘உனக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்தை வருணி’ என்பது தலைப்பு. நான் அவனுக்குப் பாராமல் எழுதப் பழக்கியிருந்த ஐந்து கட்டுரைகளில் கொடிமலை ஒன்று. காலை இளங்காற்று வீசியது, பறவைகள் பாடின, மக்கள் மகிழ்ச்சியாக இருந்தனர் என்று அவன் அதை அப்படியே எழுதிவிட்டு வந்தான். கொடிமலைக்கு அவன் போனது ஒரே ஒரு முறை, அன்று மழை. பிள்ளையின் எழுத்தில் அவனுடைய குரல் இல்லை என்று அங்கிருந்த ஆசிரியை என்னிடம் மென்மையாகச் சொன்னார். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் தாயார் வீட்டில் அவன் ஒவ்வொரு விடுமுறையையும் கழித்திருந்தான். தகரக் கூரையில் காயும் மிளகாயின் நெடி, தண்ணீர்த் தொட்டியின் பாசி, மதியத்தில் லாரி போகும்போது சன்னல் கதவு அதிரும் சத்தம் எல்லாம் அவனுக்குத் தெரியும். அவற்றை எழுதலாம் என்று நான் ஒருபோதும் சொல்லித்தரவில்லை.

தமிழ்க் கட்டுரைக்கு நாம் சொல்லித்தரும் பழமொழி, இணைமொழி, உவமைத்தொடர் ஆகியவை தமிழுக்கு அணி. அவற்றைப் பிள்ளை சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நகமும் சதையும் போலப் பழகினோம் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவருக்கு நட்பு தெரியாது, காயம்தான் தெரியும். எந்த மொழியில் எழுதுகிறோமோ அந்த மொழியின் சிறுகதைகளைப் படித்துப் பழகுவதே வழி. வாரத்துக்கு ஒருமுறை, வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் கிளம்பாத காலை போதும். எழுத்துப்பிழையை முதல் வாசிப்பில் திருத்தாதீர்கள், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்.

எத்தனை மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டும்?

ஆங்கில வாசிப்புக்கு ஓராண்டாவது வேண்டும். அதைக் குறுக்குவழியில் பெற முடியாது. ஐந்தாம் ஆண்டிலேயே நாளுக்கு இருபது நிமிடம், பிள்ளைக்குப் பிடித்த எந்த நூலானாலும் சரி. பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து, படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் சொல்லும் பிள்ளை உண்மையாகவே புரிந்துகொண்டிருக்கிறது. கணிதச் சொற்களுக்கும் புதிய தலைப்புகளுக்கும் மூன்று மாதம் போதும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் திணிக்க வேண்டாம்.

இடம் உறுதி என்று ஒரு டியூஷன் நிலையம் சொல்கிறதே?

இடம் கொடுப்பது பள்ளி. அதைப் பள்ளியைத் தவிர வேறு யாரும் உறுதி செய்ய முடியாது. அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஆறாம் ஆண்டை முடித்த என் மகளை ‘இயர் 7’-இல் போடுகிறார்கள், அதே வகுப்பில் படித்த தோழிக்கு ‘இயர் 8’ கொடுக்கிறார்கள். இது கீழிறக்கம் ஆகாதா?

பிரிட்டிஷ் பள்ளிகள் செப்டம்பரை எல்லையாக வைத்து வயதைப் பிரிக்கின்றன; நாம் ஜனவரியை வைத்துப் பிரிக்கிறோம். ஆகவே ஒரே தமிழ்ப்பள்ளி வகுப்பில் ஆறாம் ஆண்டை முடித்த இருவரில், அடுத்த ஜனவரியில் சேரும்போது, ஜனவரி முதல் ஆகஸ்டு வரை பிறந்தவருக்கு வயதுப்படி இயர் 8-உம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்தவருக்கு இயர் 7-உம் வரும். உங்கள் மகள் அக்டோபரில் பிறந்தவளானால் அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். மே மாதத்தில் பிறந்தவளுக்கு இயர் 7 கொடுத்தால், ஆங்கிலத்துக்காக ஓராண்டு கூடுதலாகத் தருகிறார்கள் என்று பொருள். ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடங்கள் இயர் 10-இல் தொடங்குவதால், அதற்கு முன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கிடைப்பது பல பிள்ளைகளுக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது. இருந்தாலும் காரணம் என்ன என்று பள்ளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

நேர்காணலில் பிள்ளை வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?

பெரியவர்கள் முன்னால் அதிகம் பேசாதே, கண்ணைப் பார்த்து எதிர்வாதம் செய்யாதே என்று வளர்த்த பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கேள்வி கேட்டவுடன் தலை குனிந்து நிற்பதில் வியப்பில்லை. அது மரியாதை, ஆனால் நேர்காணல் செய்பவர் அதை ஆங்கிலக் குறைவாக எடுத்துக்கொள்ளக்கூடும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி கேட்கும் ஒரு வாக்கியத்தையும், யோசிக்கச் சற்று நேரம் கேட்கும் ஒரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் நாவில் பதிய வையுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளிடமோ கடைக்காரரிடமோ ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசவிடுவது, வீட்டில் அம்மா நடத்தும் ஒத்திகையைவிட நல்ல பயிற்சி. எதற்கு இந்தப் பள்ளி என்று கேட்டால், அப்பா சொன்னார் என்பதுகூடப் பொய்யில்லாத பதில்தான். அதன்பின் தனக்குப் பிடித்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. சொல்லலாமா, மறைக்கலாமா?

சொல்லுங்கள், விண்ணப்பத்திலேயே. சோதனை அறிக்கை இருந்தால் அதன் நகலையும் இணைத்து, கூடுதல் நேரமோ பெரிய எழுத்துத் தாளோ தர முடியுமா என்று தேர்வுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மறைத்து இடம் வாங்கினால், அந்த வகுப்பில் ஒவ்வொரு நாளும் உட்காரப்போவது பிள்ளை. சொன்னதும் கதவை மூடும் பள்ளி, உங்கள் பிள்ளைக்கு உதவத் தெரியாத பள்ளி.

செலவு?

விண்ணப்பக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் பொதுவாகத் திரும்பி வராது. பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, ஆண்டுதோறும் ஏறும் கட்டணம், பேருந்து, சீருடை, ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக் கட்டணம் வரை எழுத்தில் வாங்கி, ஓராண்டுக்கன்று, ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். படிப்பின் நடுவே கட்டணம் கட்ட முடியாமல் பள்ளி மாற நேர்ந்தால் அந்தப் பிள்ளை இரண்டாம் முறையாகப் பாடத்திட்டம் மாற வேண்டியிருக்கும். நான் கண்டதில் எல்லாவற்றிலும் கடினமானது அதுதான்.

இடம் கிடைக்காவிட்டால்?

பள்ளிக்குப் பள்ளி விதி வேறு; சிலவற்றில் சில மாதங்கள் கழித்து மீண்டும் எழுதலாம். எந்தப் பகுதியில் குறைந்தது என்று கேட்டுக்கொண்டு திரும்புங்கள். காத்திருக்கும் நாளில் படிவம் 1-க்கான இடத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளையின் காது கேட்க உறவினரிடம் முடிவைப் பற்றிப் பேசாதீர்கள். பன்னிரண்டு வயதில் கேட்ட சொல் பல ஆண்டுகள் உள்ளே கிடக்கும்.

அங்கே போனால் தமிழும் மலாயும் என்ன ஆகும்?

மலேசியப் பிள்ளைகள் அனைத்துலகப் பள்ளியிலும் மலாய் படிக்க வேண்டும். ஆனால் அரசாங்க வேலை போன்றவற்றுக்கு எஸ்.பி.எம். மலாய் கேட்கப்படும் என்பதால், பின்னாளில் தனித் தேர்வராக அதை எழுதுவதற்கு வழிசெய்து வையுங்கள். தமிழை எஸ்.பி.எம்.-இல் தனித் தேர்வராக எழுதலாம். அதற்குப் படிவம் 1 வயதிலிருந்தே வாரம் ஒரு வகுப்பாவது தேவை. ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதை நிறுத்தவே வேண்டாம். பெற்றோர் தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்திலிருந்து பிள்ளை பெறுவது சொற்பம். பாட்டியோடு பேச முடியாமல் போவதால் இழப்பது அதிகம்.

தேர்வன்று என்ன எடுத்துப் போக வேண்டும்?

பிறப்புப் பத்திரத்தின் நகல், மைகிட் என்ற சிறுவர் அடையாள அட்டை, கடைசி இரண்டு ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கை, இரண்டு பென்சில், அழிப்பான், தண்ணீர். குளிர்சாதன அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழகாத பிள்ளைக்கு ஒரு மெல்லிய சுவெட்டரும் வேண்டும். விரல் விறைத்து எழுத முடியாமல் தவித்த பிள்ளையை எனக்குத் தெரியும். பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் காலையில் பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று கணக்கிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் காரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடட்டும். நோட்டுப் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும்.